போரோபுதூரில் மீண்டும் வருவோருக்கும் இடம் வேண்டும்

இந்தோனேசியாவின் மத்திய ஜாவாவில் உள்ள போரோபுதூர், ஒரே நடையில் பார்த்து முடிப்பதற்காகக் கட்டப்பட்டதல்ல. சைலேந்திர மன்னர்கள் காலத்தில், எட்டு, ஒன்பதாம் நூற்றாண்டுகளில் எழுந்த இந்தப் பௌத்தப் பெருந்தூபியில் 504 புத்தர் சிலைகளும் 2,672 புடைப்புச் சிற்பப் பலகைகளும் உள்ளன. புத்தரின் வாழ்க்கையை மட்டுமே 120 பலகைகள் சொல்கின்றன. ஞானம் தேடி ஒவ்வொரு ஆசானாக நாடிச் செல்லும் சுதனனின் கதை மேல் சுற்றுகளில் நீள்கிறது. கதைகளை வரிசை குலையாமல் பார்க்க விரும்புபவர் முதல் சுற்றை நான்கு முறையும், மேலுள்ள மூன்று சுற்றுகளை இரண்டிரண்டு முறையும் வலம் வர வேண்டும். ஆக, மொத்தம் பத்து வலம். மீண்டும் மீண்டும் வருபவரை மனத்தில் வைத்தே சிற்பிகள் உளி பிடித்திருக்கிறார்கள். இன்றைய நுழைவு விதிகளோ ஒருமுறை வந்து போகும் பயணியை மட்டுமே கணக்கில் கொள்கின்றன.

வரம்பே கூடாது என்பதல்ல என் வாதம். 1975-க்குப் பிறகு யுனெஸ்கோ உதவியுடன் சுமார் பத்து லட்சம் கற்களைப் பிரித்து அடுக்கித்தான் இந்தத் தூபியைச் சரிவிலிருந்து மீட்டார்கள். ஆனால், மீட்கப்பட்ட படிகளும் லட்சக்கணக்கான காலடிகளால் தேய்ந்துவருகின்றன. அதனால்தான் பெருந்தொற்றுக்குப் பின் தூபியின் மேல் ஏறுவோர் நாளொன்றுக்கு 1,200 பேர் என்றும், வழிகாட்டியுடன் குழுவாகவே ஏற வேண்டும் என்றும், கல்லைத் தேய்க்காத ‘உபானத்’ செருப்பு அணிய வேண்டும் என்றும் விதி வந்தது. இவை தேவையானவை. காக்கத் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு நம்மிடமே சாட்சி உண்டு. சைலேந்திர வழிவந்த ஸ்ரீவிஜய மன்னர் நாகப்பட்டினத்தில் எழுப்பிய சூடாமணி விகாரத்தில் எஞ்சியிருந்த கோபுரத்தை 1867-இல் இடித்துவிட்டார்கள். இனி அங்கே திரும்பிப் போக எதுவும் இல்லை.

ஆனால், எத்தனை பேர் ஏறலாம் என்பது ஒரு கேள்வி. யார் ஏறலாம் என்பது வேறு கேள்வி. 2022 ஜூனில் ஏறும் கட்டணத்தை உள்நாட்டினருக்கு 7,50,000 ரூபியா, வெளிநாட்டினருக்கு 100 டாலர் என்று உயர்த்தப்போவதாக அரசு அறிவித்தது. எதிர்ப்பு கிளம்பியதும் கைவிட்டது. பராமரிப்புக்குப் பணம் வேண்டாமா என்று கேட்பார்கள். வேண்டும்தான். ஆனால், பணக்காரரின் காலடியும் ஏழையின் காலடியும் கல்லை ஒரே அளவில்தான் தேய்க்கின்றன. எண்ணிக்கை வரம்பே கல்லைக் காத்துவிடும்போது, உயர்ந்த கட்டணம் செய்வது ஆட்களைப் பொறுக்கி எடுக்கும் வேலையைத்தான். வாழ்நாளில் ஒருமுறை வருபவர் எப்படியாவது கொடுத்துவிடுவார். ஆண்டுதோறும் வர நினைக்கும் ஜாவாவின் பௌத்தரும், சுற்றுவட்டார மகெலாங் பகுதிப் பள்ளி ஆசிரியரும், சிற்பம் பயிலும் மாணவரும்தான் விலகிப்போவார்கள்.

ஏற்கெனவே பார்த்தவருக்கு இடம் தந்தால் புதிதாக வருபவரின் வாய்ப்பு பறிபோகாதா என்பது இன்னொரு மறுப்பு. இதில் நியாயம் உண்டு. ஆகவே பங்கு சிறிதாக இருக்கட்டும். அன்றாட வரம்புக்குள்ளேயே ஒரு பகுதியைக் குறைந்த கட்டணத்தில், கூடுதல் நேரத்துடன், மீண்டும் வருவோருக்கென ஒதுக்கலாம். ஏறுவோர் எண்ணிக்கை கூடாது, கல்லுக்கும் கேடில்லை. மேலும், போரோபுதூர் வெறும் சுற்றுலாத் தலமும் அல்ல. பௌத்தத் திருநாளான வெசாக் அன்று மெந்துத், பாவோன் ஆலயங்கள் வழியாக இங்கேதான் ஊர்வலம் வந்து சேர்கிறது. உலகப் பௌத்தர்களின் வழிபாட்டுக்கு இதைப் பயன்படுத்த 2022-இல் இந்தோனேசிய அரசே உடன்பட்டிருக்கிறது. வழிபாட்டுத் தலம் என்று ஏற்றுக்கொண்ட பிறகு, வருபவரை எல்லாம் முதல்முறை பயணியாகவே நடத்துவது முரண். எண்ணிக்கை வரம்பை இந்தோனேசிய அரசு உறுதியாக வைத்திருக்கட்டும். அந்த வரம்புக்குள், பத்து வலத்தையும் முடிக்க விரும்புபவருக்கு வழிவிடட்டும்.