இணைப்பைத் திறப்பவர் யார்?

மின்னஞ்சலுடன் வரும் இணைப்பைத் திறப்பது இன்று எவருக்கும் ஒரு காரியமாகத் தோன்றுவதில்லை. சொடுக்கினால் திறக்கிறது. எந்த மென்பொருள் திறக்கிறது, அதனைத் தீர்மானித்தவர் யார் என்று கேட்போர் அரிது. பத்திரிகைத் தொழிலில் இருப்பவர்கள் கேட்டேயாக வேண்டும் என்பது எனது கருத்து. முன்பின் அறியாதவர்களிடமிருந்து கோப்புகளைப் பெறுவதே எமது பிழைப்பு. அதனாற்றான் இளைய நண்பர்கள் நகைத்தபோதிலும், எழுத்துகளை மாத்திரமே காட்டும் 'மட்' என்ற மென்பொருளை நான் இன்னமும் கைவிடவில்லை.

மைக்கேல் எல்கின்ஸ் 1995 இல் உருவாக்கிய மென்பொருள் இது. கடிதத்தில் நின்று 'வி' விசையை அழுத்தினால் இணைப்புகளின் பட்டியல் வரும். ஒன்றைத் திறக்கச் சொன்னால் 'மெயில்கேப்' என்னும் சிறு கோப்பைப் பார்க்கும். இன்ன வகைக்கு இன்ன மென்பொருள் என்று அதில் வரி வரியாக எழுதியிருக்க வேண்டும். கணினியிலே பொதுவான மெயில்கேப் ஒன்று இருக்கலாம். ஆயினும் எமது சொந்த அடைவில் நாம் எழுதியதற்கே முன்னுரிமை. 1993 இல் நதானியல் போரன்ஸ்டீன் வகுத்தளித்த இந்த முறை இன்றும் மாறவில்லை.

எனது கோப்பில் மூன்று நான்கு வரிகள்தாம் உள்ளன. வலைப்பக்க வடிவில் வரும் கடிதங்களை 'டபிள்யூ3எம்' வெறும் எழுத்தாக்கித் தரும். படங்களை அது தருவிப்பதில்லை. ஆகவே கடிதத்தை நான் திறந்த நேரத்தை அனுப்பியவருக்குக் காட்டிக்கொடுக்கும் ஒளித்துவைத்த படங்களும் பயனற்றுப் போகின்றன. பிடிஎஃப் வந்தால் முதலில் 'பிடிஎஃப்டுடெக்ஸ்ட்'. படம் பார்க்க வேண்டுமானால் தனியாகச் சேமித்துப் பார்ப்பேன்.

பிடிஎஃப் கோப்பையே 'வகை அறியாத இருமக் கோப்பு' என்று பெயரிட்டு அனுப்புவோர் பலர். பெயரின் ஈற்றைக் கொண்டு வகையை ஊகிக்கும்படி மட்டுக்குக் கட்டளையிடலாம். நான் இடவில்லை. 2000 மே மாதம் 'ஐ லவ் யூ' நச்சுநிரல் உலகைச் சுற்றியபோது, அதன் மெய்யான ஈற்றை விண்டோஸ் மறைத்துவிட, காதற் கடிதம் என்று நம்பிச் சொடுக்கினர். அனுப்புபவர் சூட்டிய பெயர் சான்றாகாது.

தமிழில் எழுதுபவர்களுக்கு வேறொரு தொல்லை. எம்மவர் அனுப்பும் அறிக்கைகள் பல பாமினி எழுத்துருவில் அமைந்தவை. திரையிலே தமிழாகத் தெரியும் கோப்பை எழுத்தாக்கினால் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்த குப்பையே மிஞ்சும். அதற்கு யுனிகோட் மாற்றி வேண்டும். மெயில்கேப் வரியிலேயே அதனைப் பிணைத்துவிடலாம். ஆனால் அறிக்கையின் நடுவே உண்மையான ஆங்கில வரி வந்தால் அதுவும் பொருளற்ற தமிழாகிவிடும். எனவே இணைப்புப் பட்டியலிலுள்ள குழாய் விசையை அழுத்தி, தேவைப்படும் கோப்பை மாத்திரம் மாற்றிக்குள் செலுத்துகிறேன். ஒரு விசை கூடுதல்தான்.