கழற்றி வைக்க வேண்டாத கைக்கடிகாரம்



நம் பள்ளிகளில் மாணவர்கள் விருப்பம்போல் கைத்தொலைபேசி கொண்டுவர இயலாது. ஆகவே, பிள்ளை தானே நேரம் பார்த்துப் பழகக் கைக்கடிகாரமே துணை. ஆயினும், அதை வாங்கும் பெற்றோர் பலர் அழகையும் பெயரையும் மட்டுமே நோக்குகின்றனர். விலையுயர்ந்த கடிகாரத்தை அணிந்த பிள்ளை, திடலில் இறங்குமுன் அதைக் கழற்றிப் பைக்குள் வைக்கிறது. கைகழுவும்போது குழாயடியில் வைக்கிறது. பிறகு அது காணாமற்போகிறது. அன்றாடப் பயன்பாட்டுக்குரிய கடிகாரத்தைக் கழற்றும் தேவையே எழக்கூடாது என்பது என் கருத்து.

முதலில் நீர்காப்பைப் பாருங்கள். '30 மீட்டர்' என்று பொறித்திருந்தால் அதனுடன் முப்பது மீட்டர் ஆழம் மூழ்கலாம் என்று பொருளன்று. அஃது ஆய்வுக்கூடத்தில் அசைவற்ற நிலையில் அளந்த அழுத்தம். மழைத்தூறலுக்கும் கைகழுவுவதற்கும் மட்டுமே அது போதும். நீச்சலுக்கு '100 மீட்டர்' அல்லது '10 பார்' வேண்டும். அப்பொழுதும் நீருக்குள் பொத்தானை அழுத்தலாகாது. மின்கலம் மாற்றும்போது பின்மூடியின் ரப்பர் வளையம் சரியாகப் பொருந்தியுள்ளதா எனக் கடைக்காரரிடம் கேளுங்கள். அது விலகினால் நீர்காப்பு போய்விடும்.

அடுத்து வார். நம் நாட்டு வெப்பத்திலும் வியர்வையிலும் தோல்வார் விரைவில் நைந்து நாறும். ரெசின் வாரைக் கழுவித் துடைத்தால் போதும். நெகிழிக் கண்ணாடியில் கீறல் விழும். எனினும் எளிதில் சிதறாது. ஓடியாடும் பிள்ளைக்கு அதுவே பாதுகாப்பு.

உறுதி என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது 1983இல் வெளிவந்த ஜி-ஷாக். தந்தை பரிசளித்த கடிகாரம் விழுந்து உடைந்ததே, கேசியோ பொறியாளர் கிக்குவோ இபேவை அம்முயற்சிக்குத் தூண்டியது. ஆயினும், அவ்வளவு செலவிட வேண்டியதில்லை. அதே நிறுவனம் 1989இல் வெளியிட்ட எஃப்-91டபிள்யூ இன்றும் மலிவாகக் கிடைக்கிறது. எடை ஏறத்தாழ 21 கிராம். மின்கலம் ஏறக்குறைய 7 ஆண்டு உழைக்கும். ஆனால், அது நீச்சலுக்கு ஏற்றதன்று. நீந்தும் பிள்ளைக்குச் சற்றே கூடுதல் விலையில் டபிள்யூ-800எச் உண்டு; 100 மீட்டர் நீர்காப்பும் 10 ஆண்டு மின்கலமும் கொண்டது. இரவுச் சந்தைப் போலிகளில் காணும் எழுத்துகளை நம்பிவிடாதீர்கள்.

இவையிரண்டும் எண் கடிகாரங்கள். தொடக்கப்பள்ளிக் கணிதத்தில் முள் கடிகாரம் பார்த்து நேரம் கூறுவதும் ஒரு பாடம். ஆகவே, நேரம் கற்கும் வயதினர்க்கு ஒன்று முதல் பன்னிரண்டு வரை எண்கள் தெளிவாக உள்ள முள் கடிகாரமே ஏற்றது. நான் மேற்கூறிய அளவுகோல்கள் அதற்கும் பொருந்தும்.

விலைமிகு பொருளைக் கையில் கட்டிவிட்டு, 'பத்திரம், பத்திரம்' என்று பிள்ளையை அச்சுறுத்துவதால் பயனென்ன? பிள்ளை விழட்டும், எழட்டும், சேற்றில் விளையாடட்டும். கையிலுள்ள கடிகாரமும் அதற்கு ஈடுகொடுக்கட்டும்.