இரண்டு நிலவும் ஒரு கடலும்
பத்தாம் வகுப்பு மாணவி

நாம் எழுதும் விஞ்ஞானக் கதைகளில் வானத்தில் இரண்டு மூன்று நிலவுகள் தொங்குகின்றன. கீழேயுள்ள கடலைப்பற்றித்தான் பேச்சே இல்லை. செங்கற்பட்டிலிருந்து மாமல்லபுரம் போன பௌர்ணமியன்று, அந்தி சாய்ந்ததும் கடல் ஏறி நம் செருப்புகளைக் கொண்டுபோனது நினைவிருக்கிறதா? அதே நிலவு பாதி தூரத்துக்கு வந்துவிட்டால், கடலைப் பொங்கவைக்கும் அதன் விசை எட்டு மடங்காகும். கடற்கரைக் கோயில் என்னாவது? குப்பத்து மக்கள் எங்கே போவார்கள்?

கணக்குப் போட்டால் கற்பனை செத்துவிடும் என்பாருண்டு. நான் ஒப்பமாட்டேன். 1977-இல் யுரேனஸ் அருகே ஒரு நட்சத்திரத்தின் ஒளி மங்கியதை அளந்ததால்தான் அக்கிரகத்தின் வளையங்கள் தெரியவந்தன. நம் காவலூர் தொலைநோக்கியும் அன்று விழித்திருந்தது.

என் கதையில் குப்பத்தார் குன்றின்மேல் குடியேறிவிட்டார்கள். கட்டுமரங்களை எங்கே கட்டுவது என்றுதான் இன்னும் தெரியவில்லை.