அகங்காரமும் அடங்கிய வாயும்

அவசர மருத்துவ சேவையில் பணிபுரியும் எம்மவரான இளைஞர் ஒருவர் அண்மையில் என்னிடம் மனம் வெதும்பிப் பேசினார். இங்கு மொன்றியலில் ஓர் அம்புலன்ஸில் இருவராகவே பணிக்குச் செல்வர். உடன் செல்லும் மூத்தவரோ, இவர் எதைக் கூறினாலும் முதலில் பிரெஞ்சைத் திருத்திக்கொள் என்று எள்ளி நகையாடி ஒதுக்கிவிடுவாராம். "பொறுத்துப் போவதைத் தவிர வேறு என்ன வழி, சேர்?" என்று கேட்டார்.

பொறுத்தார் பூமியாள்வார் என்று வளர்க்கப்பட்டவர்கள் நாம். அகதியாக வந்த இடத்தில் தலைகுனிந்து பிழைப்பதே விவேகம் எனவும் பழகிவிட்டோம். நமது மானத்தை மட்டும் தொடும் விடயமாயின் அது ஒருவேளை பொருந்தலாம். ஆனால் அந்த வண்டியில் மூன்றாவதாக ஒருவர் படுத்திருக்கின்றார். நமது பொறுமைக்கு விலை கொடுப்பவர் அவரே.

2005 மார்ச் 29இல் இங்கிலாந்தில் எலைன் புரோமிலி என்ற இளந்தாய்க்குச் சாதாரண சத்திரசிகிச்சை ஒன்றுக்காக மயக்கமருந்து கொடுக்கப்பட்டது. சுவாசப்பாதை அடைபட்டது. அனுபவம் மிக்க மருத்துவர் மூவர் வாய்வழியே குழாயைச் செலுத்த மீண்டும் மீண்டும் முயன்றனர். கழுத்தில் துளையிட்டுச் சுவாசமளிக்கும் கருவிகளைக் கொண்டுவந்த தாதி, அவை தயார் என்று அறிவித்தார். எவரும் செவிகொள்ளவில்லை. செய்யவேண்டியது இன்னதெனத் தாதியருக்குத் தெரிந்திருந்தது. அதனை எவ்வாறு வலியுறுத்துவது என்பதே தெரியவில்லை. பதின்மூன்று நாட்களின் பின் அப்பெண் இறந்தார். செருக்கு இல்லாதவிடத்தும் படிநிலை நாவைக் கட்டுமாயின், செருக்கும் சேர்ந்தவிடத்து என்னவாகும்?

அப்பெண்ணின் கணவர் ஒரு விமானி. 1977இல் 583 பேரைப் பலிகொண்ட தெனரீஃபே விபத்தில், மற்றைய விமானம் ஓடுபாதையை விட்டகன்றதா எனப் பொறியியலாளர் எழுப்பிய ஐயத்தைத் தலைமை விமானி தள்ளிவிட்டார். அத்தகைய விபத்துகளின் பின்னரே, கீழுள்ளோர் பேசவும் மேலுள்ளோர் கேட்கவும் விமானத்துறை பயிற்சியளிக்கத் தொடங்கியது. அப்பாடத்தை மருத்துவத்துக்கும் கொண்டுசெல்ல அக்கணவர் 2007இல் ஓர் அமைப்பையே நிறுவினார்.

ஆகவே அந்த இளைஞருக்கு நான் கூறியது இதுதான். நோயாளியின் முன் சண்டை வேண்டாம், மௌனமும் வேண்டாம். 'நீங்கள் செய்வது பிழை' என்பதை விடுத்து, 'குருதியமுக்கம் இறங்குகிறது, எனக்கு அச்சமாக உள்ளது' என்று கண்டதைக் கூறுங்கள். கேட்கவில்லையாயின் மீண்டும் உரத்துக் கூறுங்கள். பணி முடிந்தபின் அவருடன் தனியே பேசுங்கள். அவசரத்தில் எழும் கடுஞ்சொல் எல்லாம் அவமதிப்பு ஆகாது. ஆனால் இழிவுபடுத்தல் தொடருமாயின் திகதியிட்டுக் குறித்து வையுங்கள். பணியிட உளவியல் துன்புறுத்தலுக்கு எதிரான சட்டம் கியூபெக்கில் 2004 யூன் 1 முதல் நடைமுறையில் உள்ளது. இறுதிச் சம்பவத்திலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் முறையிடலாம். தொழிற்சங்க உறுப்பினர் தமது சங்கத்தினூடாகச் செல்லவேண்டும். அகதியாக வந்தவருக்கும் அச்சட்டம் உரியதே.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ளவேண்டும். விரிவுரையாளனாக இருந்த காலத்தில், என் கூற்றை மறுத்த மாணவன் ஒருவனை முறைத்துப் பார்த்தே இருத்தினேன். அன்று அவன் சொன்னதே சரி. அதன் பின் அவன் என் வகுப்பில் வாய் திறக்கவில்லை.

நாளை அந்த இளைஞரும் மூத்தவராவார். புதிதாக வருபவர் தடுமாறிச் சொல்லும் சொல்லுக்கு அவர் செவிசாய்ப்பாராயின், அவர் இன்று பட்ட அவமானம் வீண்போகாது.