வாங்குகிற கையைப் பிடியுங்கள்!

காரைத் திருடுவது பழைய கதை. காரை அங்கேயே விட்டுவிட்டு, அதன் அடிவயிற்றில் இருப்பதைக் கழற்றிக்கொண்டு போவது புதுக் கதை!

ராத்திரி வீட்டு வாசலில் நிறுத்திய வண்டி காலையில் அப்படியே நிற்கிறது. கண்ணாடி உடையவில்லை. பூட்டு உடையவில்லை. நாலு டயரும் பத்திரமாக இருக்கின்றன. சொந்தக்காரர் சாவியைத் திருப்புகிறார். 'டபடப' என்று டிராக்டர் மாதிரி சத்தம்! தெருவே எட்டிப் பார்க்கிறது. குனிந்து பார்த்தால் சைலென்சரைக் காணோம்.

2020-ம் ஆண்டுக்குப் பிறகு குஜராத், மகாராஷ்டிர மாநிலங்களில் மாருதி ஈகோ வேன்களைக் குறிவைத்து இந்தத் திருட்டு வரிசையாக நடந்தது. சென்னையும் தப்பவில்லை.

ஏன் ஈகோ? தரையிலிருந்து சற்று உயரமாக நிற்கும் வண்டி. ஆள் படுத்தபடியே உள்ளே நுழையலாம். சில போல்ட்டுகளைக் கழற்றினால் காரியம் முடிந்தது.

அந்த வண்டியை வைத்திருப்பவர் யார்? பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிச் செல்பவர். கல்யாண வீட்டுக்குச் சமையல் பாத்திரம் ஏற்றுபவர். மார்க்கெட்டிலிருந்து கடைக்குச் சரக்கு கொண்டுவரும் சிறு வியாபாரி. ஒரு நாள் வண்டி நின்றால் அன்றைய வருமானம் போச்சு. புது சைலென்சருக்கு ஆயிரக்கணக்கில் அழ வேண்டும். அது யார் வீட்டுப் பணம்?

இரும்புக்குள் தங்கம்

வெறும் இரும்புக் குழாய்க்கா இத்தனை பாடு என்று கேட்கலாம். குழாய்க்கு அல்ல. அதோடு சேர்ந்திருக்கும் 'கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர்' என்ற பெட்டிக்குத்தான் இந்தக் கிராக்கி.

எஞ்சினிலிருந்து வரும் புகையின் நச்சுத்தன்மையைக் குறைத்து வெளியே விடுகிற பெட்டி அது. உள்ளே தேன்கூடு மாதிரி ஒரு பீங்கான் கட்டி. அதன் மேல் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய உலோகங்கள் மெல்லியதாகப் பூசப்பட்டிருக்கும். எல்லாம் சேர்ந்தாலும் சில கிராம்தான்.

ஆனால் அந்தச் சில கிராமின் விலை? 2021-ம் ஆண்டு வசந்த காலத்தில் ரோடியம் ஒரு அவுன்ஸ், அதாவது சுமார் 31 கிராம், 29 ஆயிரம் டாலரை நெருங்கியது. அப்போதைய தங்க விலையைப் போலப் பத்து மடங்குக்கும் மேல்! பல்லேடியமும் அந்தச் சமயம் தங்கத்தை மிஞ்சி நின்றது. பிறகு இரண்டும் மளமளவென்று இறங்கின. ஆனால் வழி தெரிந்த திருடன் வழியை மறப்பானா? விலை ஏறும்போதெல்லாம் ஸ்பேனரோடு கிளம்பிவிடுவான்.

இந்தியாவில் இந்தப் பெட்டி 1995 ஏப்ரலில் டெல்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய நாலு நகரங்களில் விற்கும் புதுப் பெட்ரோல் கார்களுக்குக் கட்டாயமாயிற்று. இன்று இது இல்லாத புதுப் பெட்ரோல் காரே கிடையாது. டீசல் காரிலும் பிளாட்டினம் பூசிய பெட்டி உண்டு. ஆகவே இது ஈகோக்காரரின் கவலை மட்டும் என்று மற்றவர்கள் நிம்மதியாகத் தூங்க முடியாது.

ஹைப்ரிட் பட்ட பாடு

அதிலும் ஹைப்ரிட் கார் வைத்திருப்பவர்கள் வெளிநாட்டு அனுபவத்தைக் கொஞ்சம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஹைப்ரிட் என்றால் பெட்ரோல் எஞ்சினும் மின்சார மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் வண்டி. சிக்னலில் நின்றால் எஞ்சின் தானாக அணைந்துவிடும். நெரிசலில் ஊர்ந்தால் மோட்டார் இழுக்கும். எஞ்சினுக்கு வேலை குறைவு. அதனால் கன்வெர்ட்டரும் அதிகம் தேய்வதில்லை. பல வருடம் ஓடிய வண்டியிலும் உலோகம் நன்றாகவே மிஞ்சியிருக்கும். சொந்தக்காரருக்கு லாபமாக இருந்த அதே குணம் திருடனுக்கும் லாபமாகிவிட்டது!

லண்டனிலும் அமெரிக்க நகரங்களிலும் டொயோட்டா பிரியஸ் கார்களுக்கு நேர்ந்த கதி இதுதான். சில நிமிடத்தில் ரம்பம் போட்டு அறுத்துக்கொண்டு போனார்கள். அடியில் இரும்புத் தகடு மாட்டிக்கொள்ள வேண்டிய நிலை கார்க்காரர்களுக்கு வந்தது.

நம் ஊரில் 2022-க்குப் பிறகுதான் ஹைப்ரிட் கார்கள் சாதாரணக் குடும்பங்களின் பேச்சில் அடிபடத் தொடங்கின. வாங்கியவர்களின் கவலை எல்லாம் பேட்டரியைப் பற்றித்தான். "பெரிய பேட்டரி போனால் லட்சக்கணக்கில் ஆகுமே" என்கிறார்கள். அதற்காவது கம்பெனிகள் பல வருடம் வாரண்டி தருகின்றன. வாரக்கணக்கில் ஓட்டாமல் போட்டுவைத்தால் சின்ன பேட்டரி இறங்கி வண்டி கிளம்பாமல் அடம் பிடிக்கும். அதையும் மெக்கானிக் வந்து சரி செய்துவிடுவார். வாசலில் நிற்கும் வண்டிக்கு அடியிலிருந்து பெட்டி போனால் எந்த வாரண்டியும் வராது!

இன்ஷூரன்ஸ் இருக்கிறதே என்பார்கள். மூன்றாம் நபர் பாலிசி மட்டும் போட்டிருந்தால் திருட்டுக்கு ஒரு பைசா கிடைக்காது. முழு பாலிசி போட்டிருந்தாலும் முதல் 1,000 அல்லது 2,000 ரூபாய் சொந்தக்காரர் தலையில். தேய்மானம் என்று ஒரு கழிவு. அடுத்த வருடம் 'நோ கிளெய்ம் போனஸ்' சலுகையும் அம்போ!

டீசல் வண்டியின் சங்கடம்

திருட்டுப் பெட்டிக்கு மறைவிடம் ஒன்று வேண்டும். அந்த மறைவிடத்தைக் கட்டிக் கொடுப்பவர்களில் சில டீசல் கார்க்காரர்களும் உண்டு என்பதுதான் வேடிக்கை. அவர்களுக்கே அது தெரியாது.

2020 ஏப்ரல் 1-ந் தேதி முதல் 'பாரத் ஸ்டேஜ் 6' விதி வந்தது. அதற்கேற்ப டீசல் கார்களில் கரித்தூளைப் பிடிக்கும் வடிகட்டி வந்தது. அதில் சேரும் கரியை வண்டி தானாகவே எரித்துச் சாம்பலாக்கிக்கொள்ளும். ஆனால் அதற்குப் புகைக்குழாய் நன்றாகச் சூடேற வேண்டும். சூடேற வண்டி கொஞ்ச நேரம் ஒரே வேகத்தில் ஓட வேண்டும்.

அண்ணா சாலை நெரிசலில் அது நடக்கிற காரியமா? வீட்டிலிருந்து ஆபீஸ், ஆபீசிலிருந்து வீடு. நாலு கிலோ மீட்டர், எட்டு சிக்னல். கரி அடைத்துக்கொள்கிறது. டாஷ்போர்டில் விளக்கு எரிகிறது. வாரம் ஒரு தடவை ஜி.எஸ்.டி. ரோட்டில் இருபது நிமிடம் சீராக ஓட்டினால் பெரும்பாலும் அணைந்துவிடும் விளக்கு அது. கவனிக்காமல் விட்டால் வண்டி மூச்சுத் திணறி, மாட்டு வண்டி வேகத்துக்கு வந்துவிடும்.

அப்போதுதான் யாராவது ஒரு மெக்கானிக் காதைக் கடிக்கிறார். "எதுக்கு சார் இந்தத் தலைவலி? எடுத்துப் போட்டுடலாம். வண்டி பிச்சுக்கிட்டுப் போகும்!"

எடுத்துப் போடுவது குற்றம். வண்டியின் அமைப்பை அனுமதியில்லாமல் மாற்றினால் மோட்டார் வாகனச் சட்டப்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். புகை கக்குவதால் பின்னால் ஸ்கூட்டரில் வருகிற குழந்தையின் நெஞ்சும் கெடும்.

எடுத்துப் போட்ட பெட்டி எங்கே போகிறது? காயலான் கடைக்கு! அங்கே அது திருட்டுச் சைலென்சரோடு ஒரே மூட்டையில் கிடக்கிறது. எது கழற்றியது, எது களவாடியது என்று யார் சொல்ல முடியும்? "ஒர்க்ஷாப்பில் வாங்கினேன்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், கடைக்காரர் தப்பித்துக்கொள்கிறார்.

முடிச்சு எங்கே?

சைலென்சர் திருடன் அதை வீட்டில் வைத்துப் பூஜை செய்யப் போவதில்லை. அன்றைக்கே காசாக்க வேண்டும். பெட்டியை உடைத்து உலோகத்தைப் பிரிக்க அவனுக்குத் தெரியாது. அதற்கு ஆலை வேண்டும். ஆகவே நடுவில் ஒருவர் வாங்குகிறார். அவரிடமிருந்து இன்னொருவர் வாங்குகிறார். திருடனுக்குச் சில்லறை, மேலே போகப் போகத்தான் நோட்டுக்கட்டு!

அமெரிக்கா இதைப் புரிந்துகொண்டது. 2022 நவம்பரில் ஐந்து மாநிலங்களைச் சேர்ந்த 21 பேர் மீது மத்திய அரசு வழக்குப் போட்டது. திருடியவர்களோடு வாங்கி விற்றவர்களும் சிக்கினார்கள். பறிமுதல் செய்யக் கோரிய தொகை 54 கோடியே 50 லட்சம் டாலர்! இங்கிலாந்தில் பழைய உலோகத்துக்கு ரொக்கமாகப் பணம் கொடுக்கவே 2013-ம் வருடச் சட்டம் தடை போட்டது. ஆனாலும் அதற்குப் பிறகு லண்டனில் கன்வெர்ட்டர் திருட்டு பெருகியது. சட்டம் புத்தகத்தில் இருந்தால் போதாது, கடைக்குள் போய்ப் பார்க்க ஆள் வேண்டும் என்பதற்கு அதுவே பாடம்.

நம் நாட்டில் சட்டத்துக்குப் பஞ்சமில்லை. திருட்டுப் பொருள் என்று தெரிந்து வாங்கினால் பாரதிய நியாய சன்ஹிதா 317-வது பிரிவின் கீழ் மூன்று வருடம் வரை சிறை. அதையே வழக்கமான தொழிலாக வைத்திருந்தால் பத்து வருடம் வரை சிறை. ஆயுள் தண்டனைகூட உண்டு. இந்தக் கடுமையான பகுதியை எத்தனை வழக்குகளில் எடுக்கிறார்கள் என்பதுதான் கேள்வி. சந்தில் படுத்துக் கழற்றிய பையன் சிறைக்குப் போகிறான். மூட்டை கட்டி அனுப்பியவர் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறார்.

செய்ய வேண்டியது

முதலாவது, கழற்றிய சைலென்சரையும் கன்வெர்ட்டரையும் வாங்கும் கடை ஒவ்வொன்றிலும் ஒரு பதிவேடு வேண்டும். விற்றவர் யார், எந்த வண்டியின் பெட்டி, வண்டி நம்பர் என்ன? ரொக்கம் கூடாது, பாங்கு மூலம்தான் பணம். முழு வண்டியை உடைப்பதற்கு 2021-ல் மத்திய அரசு விதி போட்டது. அந்தக் கண்டிப்பு கழற்றிய உறுப்புக்கும் வரட்டும்.

இரண்டாவது, பெட்டியை மாற்றும் ஒர்க்ஷாப், பழையதைச் சொந்தக்காரரிடம் கொடுக்க வேண்டும். அல்லது வண்டி நம்பரோடு பில் போட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது, போலீசார் மாதம் ஒரு முறையாவது அந்தப் பதிவேட்டைப் புரட்டிப் பார்க்க வேண்டும். புதுப்பேட்டையிலும் மற்ற இடங்களிலும் நேர்மையாகப் பழைய சாமான் வியாபாரம் செய்பவர்கள் ஏராளம். தலைமுறை தலைமுறையாகத் தொழில் கற்றவர்கள். நாலு பேர் செய்யும் தப்புக்கு நானூறு பேர் பழி சுமக்க வேண்டியதில்லை. பதிவேடு அவர்களுக்குத்தான் முதல் கவசம்.

கார்க்காரர்களுக்கும் வேலை இருக்கிறது. சைலென்சரில் வண்டி நம்பரைச் செதுக்கி வையுங்கள். செலவு கொஞ்சம், வாங்குபவன் தயங்குவான். வெளிச்சமான இடத்தில், சுவரை ஒட்டி நிறுத்துங்கள். பழைய கார் வாங்கும்போது அடியிலும் குனிந்து பாருங்கள். திருட்டுப் போனால், "ஒரு குழாய்தானே" என்று விட்டுவிடாமல் புகார் கொடுங்கள். 2024 ஜூலை முதல் அமலில் உள்ள புதுச் சட்டப்படி எந்த ஸ்டேஷனிலும் புகார் கொடுக்கலாம். "எங்க எல்லை இல்லே" என்று திருப்பி அனுப்ப முடியாது.

மலிவாகக் கிடைக்கிறதே என்று பில் இல்லாத சைலென்சரை வாங்கி மாட்டுகிறவர்கள் ஒன்றை நினைத்துக்கொள்ள வேண்டும். இன்று அவர் வாங்குவது அடுத்த தெருக்காரருடையது. நாளை அடுத்த தெருக்காரர் வாங்குவது இவருடையதாக இருக்கும்!

வாங்க ஆள் இருக்கிற வரை திருட ஆள் இருப்பான். பிடித்த பையனோடு விசாரணையை முடித்துவிடாமல், அவனிடம் வாங்கிய கடை வரை போலீஸ் ஜீப் போகட்டும். அதற்கு அதிகாரிகள் உடனே உத்தரவு போடுவார்களா?