பழைய சிறிய கார் போதும்

கார் இன்று நம் குடும்பங்களில் பலருக்கு உண்மையான தேவையாகிவிட்டது. முழங்கால் வலியுள்ள உம்மாவை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். வெளிநாட்டிலிருந்து விடுப்பில் வருபவரை விமான நிலையத்திலிருந்து கூட்டி வர வேண்டும். மழை நாளில் பிள்ளைகளைப் பள்ளியில் விட வேண்டும். இவை எவையும் ஆடம்பரம் அல்ல. ஆயினும் தேவை எங்கே முடிகிறது, ஊரார் பார்வைக்கான ஆசை எங்கே தொடங்குகிறது என்பதை நாம் நின்று நிதானித்துப் பார்ப்பதில்லை. கையில் நான்கு லட்சம் இருக்கும். கண் பன்னிரண்டு லட்சம் ரூபாய் வண்டியின்மீது இருக்கும். இடையிலுள்ள எட்டு லட்சத்தை நிரப்ப வருவது வட்டி.

வட்டியைப் பற்றி அல்பகரா அத்தியாயம் எவ்வளவு கடுமையாக எச்சரிக்கிறது என்பதை நம்மில் அறியாதவர் இல்லை. ஆனால் ஷோரூமில் அமர்ந்ததும் அது 'மாதத் தவணை' என்னும் மென்மையான பெயரைப் பெற்றுவிடுகிறது. எட்டு லட்சம் ரூபாயை ஒன்பதரை விழுக்காட்டு வட்டியில் ஏழாண்டுக் கடனாகப் பெற்றால் மாதம் ஏறத்தாழ 13,000 ரூபாய் கட்ட வேண்டும். ஏழாண்டு முடிவில் வட்டியாக மட்டும் கொடுத்திருப்பது ஏறக்குறைய மூன்று லட்சம் ரூபாய். நல்ல நிலையிலுள்ள பழைய சிறிய கார் ஒன்றை அந்தத் தொகைக்கே வாங்கிவிடலாம். ஆகவே, கையிருப்புக்குள் அடங்கும் பழைய சிறிய காரை வாங்குவதே நம் குடும்பங்களுக்கு ஏற்ற வழி என்கிறோம். பெரும்பாலானோருக்கு வட்டியின்றிக் கார் வாங்க இருக்கும் நடைமுறை வழியும் அதுவே.

அந்த வழி நம் நாட்டில் அகலமாகவே இருக்கிறது. நான்கு மீட்டருக்குள் அடங்கும் சிறிய கார்களுக்கு அரசு பல ஆண்டுகளாக வரிச் சலுகை அளித்து வருவதால், இவ்வகை வண்டிகள் பெருமளவில் விற்பனையாகியுள்ளன. ஆல்ட்டோ, வேகன் ஆர், ஸ்விஃப்ட், கிராண்ட் ஐ10, டியாகோ போன்றவற்றின் உதிரிப் பாகங்கள் சிற்றூர்க் கடைகளிலும் கிடைக்கின்றன; அவற்றைப் பழுது பார்க்கத் தெரிந்த மெக்கானிக் இல்லாத ஊர் அரிது. மலிவாகக் கிடைக்கிறதே என்று, பாகங்களுக்காக வாரக்கணக்கில் காத்திருக்க வைக்கும் வண்டியை வாங்குவது சிக்கனமாகாது.

அடுத்து, எல்லாரும் முதலில் கேட்கும் மைலேஜ். விளம்பரத்தில் சொல்லப்படுவது சோதனைக்கூடத்தில் பெறப்பட்ட அளவு. சாலையில் அதைவிடக் குறைவாகவே கிடைக்கும். ஒரு குடும்பம் ஆண்டுக்கு 6,000 கிலோமீட்டர் ஓட்டுவதாகக் கொள்வோம். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் தரும் வண்டிக்கு 400 லிட்டர் பெட்ரோல் தேவை. 20 கிலோமீட்டர் தரும் வண்டிக்கு 300 லிட்டர் போதும். லிட்டர் நூறு ரூபாய் என்று வைத்தால் ஆண்டுக்கு மிச்சமாவது பத்தாயிரம் ரூபாய். அது நல்ல தொகைதான். ஆனால் அந்த மைலேஜுக்காக வண்டி விலையில் ஒரு லட்சம் கூடுதலாகக் கொடுத்தால், அதை மீட்கப் பத்தாண்டுகள் ஆகும். எனவே நாம் ஆண்டுக்கு எவ்வளவு ஓட்டுகிறோம் என்பதை முதலில் கணக்கிட வேண்டும். ஊருக்குள் மட்டும் குறைவாக ஓட்டும் குடும்பத்துக்குப் பழைய டீசல் கார் பெரும்பாலும் பொருந்தாது. எரிபொருளில் மிச்சமாவதை அதன் பழுதுச் செலவு விழுங்கிவிடும்.

ஒரே மாதிரி வண்டிகள் இரண்டிலும் மைலேஜ் ஒன்றாக இருப்பதில்லை. அடைத்துப்போன காற்று வடிகட்டி, காற்று குறைந்த டயர், பிடித்துக்கொண்டே ஓடும் பிரேக், தேய்ந்த கிளட்ச் ஆகிய ஒவ்வொன்றும் எரிபொருளைக் குடிக்கும். எனவே தனிப்பட்ட வண்டியின் உடல்நிலையைப் பார்த்தாக வேண்டும். காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது சென்று, நம் கண்முன்னே அதை இயக்கச் சொல்ல வேண்டும். புகைக் குழாயில் நீல நிறப் புகை வந்தால் எஞ்சின் ஆயிலும் சேர்ந்து எரிகிறது என்று பொருள். கரும்புகை வந்தால் பெட்ரோல் முழுமையாக எரியவில்லை என்று பொருள். டயரின் பக்கவாட்டிலுள்ள நான்கிலக்க எண் அது தயாரான வாரத்தையும் ஆண்டையும் காட்டும். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். இருக்கைப் பட்டையை முடிவுவரை இழுத்துப் பார்க்க வேண்டும். அடியில் சேற்றுக் கறை இருந்தால், அந்த வண்டி வெள்ளத்தில் மூழ்கியதாக இருக்கக்கூடும். சென்னை 2015லும் 2023லும் வெள்ளம் கண்ட நகரம் என்பதை மறக்கலாகாது. நமக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவருக்கு உரிய கூலி கொடுத்து உடன் அழைத்துச் செல்வது, பின்னால் வரும் பெருஞ்செலவைத் தடுக்கும்.

சிக்கனத்தின் பெயரால் உயிரைப் பணயம் வைப்பதும் கூடாது. உயிரைக் காப்பது மார்க்கத்தின் அடிப்படை நோக்கங்களுள் ஒன்று. 2019ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் எல்லாப் புதிய கார்களிலும் ஏபிஎஸ் பிரேக்கும், ஜூலை முதல் ஓட்டுநருக்கான ஏர்பேக்கும் கட்டாயமாயின. அதற்கு முந்தைய வண்டியாயின், இவை இருக்கும் உயர்வகையைத் தேடி வாங்குவது நலம். அழகிய சக்கரத்துக்கும் பெரிய திரைக்கும் தரும் பணத்தை இதற்குத் தரலாம்.

ஆவணங்களில் நம்மவர்கள் காட்டும் அலட்சியம் வருத்தத்துக்குரியது. "நம்ம மச்சான்தானே, பெயர் மாற்றம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று ஆண்டுக்கணக்கில் விட்டுவிடுகிறோம். வண்டி கை மாறிய பின்னும் பதிவுச் சான்றில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பாவார் என்று 2018ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. ஆகவே விற்பவருக்கும் இது ஆபத்தானது. படிவம் 29, படிவம் 30 ஆகியவற்றை நிரப்பி உடனே பெயர் மாற்ற வேண்டும். பழைய கடன் பதிவு நீக்கப்பட்டுள்ளதா, அபராதம் நிலுவையில் உள்ளதா, காப்பீடு நடப்பில் உள்ளதா என்று பார்க்க வேண்டும். வேறு மாநில வண்டியாயின் தடையில்லாச் சான்றும் நம் மாநிலச் சாலை வரியும் சேர்ந்தே உண்மையான விலை. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கச் சொல்லும் மார்க்கத்தைப் பின்பற்றும் நமக்கு எழுத்தின் அருமையைப் பிறர் எடுத்துச் சொல்லவேண்டியதில்லை.

இதுவரை சொன்னது வாங்குபவருக்கு. இனி விற்பவராகவும் நம்மைப் பார்த்துக்கொள்வோம்; இன்று வாங்கும் நாம் சில ஆண்டுகளில் விற்கத்தான் போகிறோம். ஓடிய தூரத்தைக் காட்டும் மீட்டரைப் பின்னோக்கித் திருப்புவதை இந்தத் தொழிலில் பலர் சாதாரணமாகப் பேசுகின்றனர். ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓடியதை நாற்பதாயிரம் என்று காட்டுவதும் எடைக்கல்லில் குறை வைப்பதும் ஒன்றே. அளவில் குறைப்போரைக் கண்டித்தே குர்ஆனின் 83ஆம் அத்தியாயம் தொடங்குகிறது. கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் கையை விட்டு, உள்ளே ஈரம் இருப்பதைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், மக்கள் பார்க்கும்படி அதை ஏன் மேலே வைக்கவில்லை என்று வியாபாரியிடம் கேட்ட நிகழ்வை நாம் பலமுறை பயான்களில் கேட்டிருக்கிறோம். விபத்தில் நசுங்கிய கதவைப் பெயிண்டால் மறைத்து விற்பதும், தடித்த ஆயில் ஊற்றி எஞ்சின் சத்தத்தை அடக்கிக் காட்டுவதும் அந்த ஈரத்தை உள்ளே மறைப்பதுதான். "கேட்டால் சொல்வேன், கேட்காவிட்டால் எனக்கென்ன?" என்பது இங்கு செல்லாது. குறையைச் சொல்லி விற்றால் பத்தாயிரம் குறையலாம். கிடைக்கும் பணம் ஹலாலாக இருக்கும். பரக்கத் அதில்தான் உண்டு.

கையிருப்பு சற்றே குறைந்தால் உறவினர்களிடமோ, வசதியுள்ள ஜமாஅத்துகளின் பைத்துல்மாலிலோ அழகிய கடன் கேட்பதில் வெட்கமில்லை. வாக்களித்த நாளில் திருப்பித் தருவது நம் பொறுப்பு. வசதி படைத்தோரும், தன் ஊர்ப் பிள்ளை ஐம்பதாயிரத்துக்காக வட்டிக் கடைக்குப் போகுமுன் கைகொடுக்க முன்வர வேண்டும். திருமணப் பேச்சில் "மாப்பிள்ளை வீட்டில் என்ன வண்டி?" என்று கேட்பதை வீட்டுப் பெரியவர்கள் நிறுத்தினால், பல இளைஞர்கள் கடனிலிருந்து தப்புவார்கள்.

நம் வாகனத்தைத் தேவைக்குப் போதுமானதாகவும், வட்டியின் கறை படியாததாகவும், பாதுகாப்பானதாகவும் ஆக்கித் தர அல்லாஹ்விடம் துஆச் செய்வோம். ஆமீன்.