வளைவு கட்டியது போதும்

பட்டதாரிப் பெருமக்களே! படித்த பாடசாலைக்கு வளைவு கட்டினீர்கள். கல்லிலே பெயரும் பொறித்தீர்கள். பரிசளிப்பு விழாவில் மாலையேற்று, முயன்றால் முடியாததில்லை என்று முழங்கிச் சென்றீர்கள். எதற்காக முயல்வது, எவ்வழியில் முயல்வது என்று மறுநாட் காலை அந்தப் பிள்ளை எவரிடம் கேட்கும்?

சாதாரண தரப் பரீட்சை முடிந்ததும் பதினாறு வயதிலே துறையைத் தெரிய வேண்டும். கணிதமா, உயிரியலா, வணிகமா, கலையா, 2013இல் வந்த தொழில்நுட்பமா? அந்த ஒரு தெரிவினாற் பல கதவுகள் மூடிவிடுகின்றன. பின்னர் பல்கலைக்கழக விண்ணப்பத்திற் கற்கைநெறிகளை விருப்ப ஒழுங்கில் எழுத வேண்டும். நகரத்து வைத்தியரின் மகளுக்கு இவற்றைச் சொல்ல வீட்டிலேயே ஆளுண்டு. முல்லைத்தீவுக் கமக்காரனின் மகளோ அயல்வீட்டுப் பிள்ளை எழுதியதைப் பார்த்துத் தானும் எழுதுகிறாள். பல்கலைக்கழகம் கிட்டாதவர் நிலை இன்னும் மோசம். தேசிய தொழிற்றகைமையில் ஏழாம் மட்டம் பட்டத்துக்கு நிகரென்பது எத்தனை வீடுகளுக்குத் தெரியும்?

“என் முயற்சியாற் படித்தேன், எவருக்கும் நான் கடன்படவில்லை” என்போர் உளர். சட்டம் படித்தவன் அவ்வாதத்தை ஏற்க முடியாது. 1945 முதல் கல்வி இலவசமென்றால், அச்செலவை இறுத்தவர் யாவர்? சீனிக்கும் துணிக்கும் விலையோடு வரியும் கொடுத்த கமக்காரரும் கூலியாளரும் அன்றோ? பத்திரத்திற் கையொப்பமில்லை என்பதனாற் கடன் இல்லாது போகாது.

எங்கள் தொழிலையே பாருங்கள். சட்டக் கல்லூரிப் பரீட்சைகள் யாவற்றிலும் சித்தியெய்தினாலும், மூத்த சட்டத்தரணியிடம் ஆறு மாதம் பயிலாதவன் உயர் நீதிமன்றத்திற் சத்தியப்பிரமாணம் செய்ய இயலாது. பட்டம் பெற்றவனுக்கே கைபிடிக்க மூத்தோர் வேண்டுமென்று விதியுண்டு. பதினாறு வயதுப் பிள்ளைக்கு மட்டும் வேண்டாமோ?

நேரமில்லையாம். கலியாணப் பந்தலில் அரைநாள் இருக்க மட்டும் நேரமுண்டு! லண்டனிலும் தொறன்ரோவிலும் உள்ளோர் பணம் அனுப்புகிறார்கள். தொலைபேசியில் வாரம் ஒரு மணி நேரமும் அனுப்பட்டும்.

பழைய மாணவர் சங்கங்கள் தத்தம் பட்டதாரிகளின் பெயரையும் தொழிலையும் பதிவேட்டில் எழுதட்டும். ஒருவருக்கு ஐந்து பிள்ளைகள். துறை தெரியும் நாள்முதல் பல்கலைக்கழக விண்ணப்பம் அனுப்பும் நாள்வரை அதே ஐவர். அவர்களுக்குச் சொற்பொழிவு வேண்டாம். வாங்கும் சம்பளத்தையும், தவறிய பரீட்சையையும், தொழிலின் சலிப்பையும் ஒளியாமற் சொல்லுங்கள். அடுத்த சாதாரண தரப் பெறுபேறு வெளியாகுமுன் இப்பதிவேடு ஒவ்வொரு பாடசாலையிலும் திறக்கப்பட வேண்டும். வளைவுக்கு நிதி சேர்க்கும் குழுக்கள் அதுவரை கூடாதிருந்தால் எவருக்கும் நட்டமில்லை.